சரிபார்ப்புக்குப் போன வாசற்கதவு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பூவிழியோடு கல்லூரியில் படித்த நிர்மலா சொன்னாள். அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். பூவிழியே சொன்னாளாம். அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பூவிழிக்கு மூன்று அண்ணன்கள்: செங்கோடன், மாதப்பன், பச்சியப்பன். மூவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. தங்கையைத் தாண்ட வைத்தார்கள். அவளுக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வந்திருந்தது. பகல் இரண்டு மணி. தவறினால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவளுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உண்டு. பெட்டிக்குள் போன பொருள் மனதிலிருந்தும் போய்விடும். மத்தியானம் ஒரு வேலை என்றால், காலையிலிருந்தே வேறெதுவும் ஓடாமல் உறைந்து உட்கார்ந்துவிடுவாள். டாக்டர் விளக்கும்வரை ஊரில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான்: திமிர்.

டாக்டர் அண்ணன்களிடம் இரண்டே விஷயம் சொன்னார். "முக்கியமானது எல்லாம் அவங்க கண்ணுல படணும். பக்கத்துல யாராச்சும் சும்மா உக்காந்தா போதும், வேலைய முடிச்சிருவாங்க."

முதலில் பாத்திர மூடிகளை எல்லாம் எடுத்தார்கள். சாம்பார் பூனையின் கண்ணில் பட்டது.

சரிபார்ப்பு நாள் காலை, பூவிழி குளிக்கப் போனதும் ஆலோசனை நடந்தது.

"ஃபைல்ல வச்சிரலாமா?" என்றார் பச்சியப்பன்.

"ஃபைல்தான் தெரியும். சான்றிதழ் தெரியாதே," என்றார் மாதப்பன்.

செங்கோடன் தீர்ப்பு சொன்னார். "வெளிய போறவ வாசக்கதவப் பாக்காமப் போக முடியாது."

ஐந்து மூலச் சான்றிதழ்களையும் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார்கள். காற்றுக்குப் பறந்துவிடக் கூடாதே என்று தச்சர் பசை. பொறுப்பானவர்கள்.

பிறகு மூவரும் அவள் பக்கத்தில் வரிசையாகச் சும்மா உட்கார்ந்தார்கள். பன்னிரண்டரை மணிவரை சமைக்க ஆளில்லை. ஆனால் பூவிழி தயாராகிவிட்டாள். எழுந்து வாசலைப் பார்த்தாள்.

"கண்ணுல பட்டுச்சா பாப்பா?"

"பட்டுச்சுண்ணே," என்றாள், அழுகையை அடக்கிக்கொண்டு. சான்றிதழின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். மரத்தூள்தான் வந்தது.

மறுபடி ஆலோசனை.

"சான்றிதழக் கதவுல இருந்து பிரிக்க முடியாது. சரி. கதவ வீட்டுல இருந்து பிரிக்கலாம்ல?" என்றார் மாதப்பன்.

"வீடு தொறந்து கெடக்குமே?" என்றார் பச்சியப்பன்.

"பச்சி, நீ நில்லு."

பச்சியப்பன் நிலைப்படியில் கைகளை விரித்து நின்றார். காப்பித்தூள் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "தட்டிட்டு வாங்க" என்றாராம்.

சரக்கு ஆட்டோவில் பூவிழியோடு கதவும் ஒன்றே முக்காலுக்கு அலுவலகம் சேர்ந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"மூலச் சான்றிதழ்தானே கேட்டோம்?"

"இதுலதாங்க ஐயா இருக்கு," என்றார் செங்கோடன்.

அதிகாரி விதிகளைப் புரட்டினார். கதவு கூடாது என்று எங்கும் இல்லை. ஐந்தையும் படித்துவிட்டு, "பின்பக்கமும் பாக்கணும். திருப்புங்க," என்றார்.

அண்ணன்கள் இருவரும் கதவைத் திருப்பினார்கள். அந்தப் பக்கத்தையும் அவர் மேலிருந்து கீழ்வரை கவனமாகப் பார்த்தார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அலுவலகம் கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பூவிழியிடம் வாங்கிப் பார்த்தேன். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கின்றன: "மூலச் சான்றிதழ்கள் ஐந்து, கதவு ஒன்று. சரிபார்க்கப்பட்டது. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடவும்."