நீலக்கரை

நாட்டிலுள்ள வண்ணத்துப்பூச்சி இனங்கள் அத்தனையையும் கண்ணால் பார்த்துவிடுவது என்று கிளம்பியவர் தேவசகாயம். ஓய்வுபெற்ற நில அளவையாளர். பதினோரு வருஷம் காடு மேடெல்லாம் அலைந்தார். ஒன்று மட்டும் அகப்படவில்லை. நீலக்கரை.

அதற்குள் டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் ஆறு மாதம். அதற்குமேல் பார்வை நிற்காது.

இசக்கியைத் தேடி மலைக்குப் போனார். இசக்கிக்கு அவர் மகள் வயதுதான். ஆனால் பூச்சி பார்க்கிற கூட்டம் முழுக்க குரு என்று கும்பிடுவது அவளைத்தான்.

"எனக்கு நேரமில்லை, அம்மா. அதை எப்படியாவது காட்டிவிடுங்கள்."

"பூச்சிக்கு உங்கள் டாக்டரைத் தெரியாதே, ஐயா."

ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கொடி. இலைக்கு அடியில் கூட்டுப்புழு ஒன்று தலைகீழாகத் தொங்கியது.

"இதுதான். வெளியே வரும்வரை இங்கேயே உட்காருங்கள். கை மட்டும் வைக்காதீர்கள்."

"எத்தனை நாள்?"

"அது சொல்லாது."

நான்கு நாள் உட்கார்ந்தார். ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் விழுந்துவிட்டால்? குருவி கொத்திவிட்டால்? பயம் வந்துவிட்டது. கூட்டுப்புழு தொங்கிய இலையைக் காம்போடு கிள்ளினார். ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து, பஞ்சு விரித்து, அதில் படுக்க வைத்தார். கண்ணாடியில் மூக்கு உரசக் காவல் இருந்தார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் காலை பாட்டிலோடு இசக்கியிடம் ஓடிவந்தார்.

"வந்துவிட்டது, அம்மா! இறக்கைதான் விரியமாட்டேன் என்கிறது."

அவள் பாட்டிலை அவர் உள்ளங்கையில் சாய்த்தாள். நீலக்கரை விழுந்தது. கசக்கிப்போட்ட காகிதம்போல் இறக்கைகள் சுருண்டு காய்ந்திருந்தன.

"வந்ததும் எதையாவது பற்றித் தொங்கினால்தான் இறக்கை நீளும். கண்ணாடியில் கால் வழுக்கியிருக்கும்."

"மெத்தை மாதிரி பஞ்சு வைத்தேனே."

"அது என்ன பச்சைப்பிள்ளையா, மெத்தை போட?"

"இனிமேல் விரியாதா?"

"விரியாது."

தலை குனிந்தபடி கேட்டார்.

"பட்டியலில் எழுதலாமா?"

"தாராளமாக. நீலக்கரைதான். உயிரோடுதான் இருக்கிறது."

பூச்சி அவர் விரல் நுனிவரை நடந்து போனது. அங்கே நின்றது. திரும்பி நடந்தது.

"பறக்கவே இல்லையே, அம்மா."

"அதனாலென்ன? ஆசை தீரப் பாருங்கள், ஐயா. அது எங்கும் போகாது."