சூப்பரின்டென்ட் பெயர்க்கல்

டிராலி கவிழ்ந்து பாறாங்கற்கள் கடலில் விழும் ‘தொபுக்கடீர்’ சத்தம், வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆன பிறகும் வியாகுலத்தின் காதில் கேட்டுக்கொண்டேயிருந்தது. வேலையில் இருந்த காலத்தில், துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்குக் கல் போடும் கூட்டத்தில் அவள்தான் மேஸ்திரி. ஒவ்வொரு ஐப்பசியிலும் கடல் சுவரின் மேல்வரிசையைப் பிடுங்கிக்கொண்டு போகும். தை பிறந்ததும் இவர்கள் மறுபடி அடுக்குவார்கள். துறைமுக சூப்பரின்டென்ட்கள் தங்கள் பெயரைப் பொறித்து மேலே வைத்த கற்களும் அப்படித்தான் போயின.

தாமோதரம் பிள்ளை சூப்பரின்டென்டாக வந்த வருஷம் சுவரைக் கடலுக்குள் இன்னும் நீட்டினார்கள். தன் பெயரைப் பெரிதாக வெட்டிய கருங்கல்லைக் காட்டி அவர், “எந்தப் புயலுக்கும் இது அசையக் கூடாது. அசைஞ்சா உன் கூட்டமே வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

“அசையாத இடமாப் பார்த்து வச்சிருதேன், ஐயா.”

திறப்பு விழாவுக்குக் கலெக்டர் வந்தார். சுவரெங்கும் தேடிப் பார்த்த பிள்ளை, “எங்கே என் கல்?” என்று கத்தினார்.

“அந்தா, தண்ணிக்கு அடியில. மேல வச்சா கடல் கொண்டுபோயிரும். அதான் அஸ்திவாரத்துல போட்டு, சுவரையே அது தலையில ஏத்திட்டோம்.”

“அங்கே அதை யார் படிப்பா?”

“படிக்கணும்னு ஐயா சொல்லலியே. அசையக் கூடாதுன்னுதான சொன்னீய!”

கலெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பெயரை மறைச்சுக்கிட்டுச் சுவரைத் தாங்குறீங்க. உங்களுக்குப் பெரிய மனசு, மிஸ்டர் பிள்ளை” என்று தன் மாலையைக் கழற்றி அவருக்கே போட்டார். அதற்குமேல் பிள்ளையால் கோபப்பட முடியவில்லை.

கூட்டத்தில் ஒருவருக்கும் வேலை போகவில்லை. வியாகுலம் முதுகு வளைகிற வரைக்கும் அந்தச் சுவருக்குக் கல் போட்டாள். கடைசிக் காலத்தில் மகளோடு மதுரையில் இருந்தாள். அங்கே கடல் இல்லை; ‘தொபுக்கடீர்’ மட்டும் காதில் இருந்தது.