ஆறு நாள் புழு

நகராட்சியில் கொசு மருந்து அடித்த குருசாமி சொன்ன இந்தச் சம்பவத்தைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. அதிகாரி ஒருவர் பேச்சில் தோற்றுத் திரும்பினார் என்றால் எப்படி நம்புவது?

குருசாமியைக் கூட்டிக்கொண்டு வந்த சுகாதார ஆய்வாளர் தணிகாசலம், சீனியம்மாள் வீட்டு டிரம்முக்குள் டார்ச் அடித்தார். கொசுப்புழு நெளிந்தது.

"ஏம்மா, தண்ணியை இப்படியா வாரக்கணக்கா தேக்கி வைக்கிறது? குழாய் இணைப்பை வெட்டச் சொல்லி இப்பவே நோட்டீஸ் எழுதுறேன்."

அந்த ஒரு குழாயை நம்பித்தான் வீட்டில் ஐந்து பேர். ஆனால் சீனியம்மாளுக்குக் கெஞ்சிக் கெஞ்சி அலுத்துவிட்டது. "இது எத்தனை நாள் புழு சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"இவ்வளவு பெரிசாக ஆறு நாளாவது ஆகும். பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இதுகூடவா எனக்குத் தெரியாது?"

"அதையும் நோட்டீஸ்ல எழுதிருங்க சார்."

எழுதினார்.

"தண்ணி வந்த நாளையும் எழுதுங்க. பதினோரு நாள் கழிச்சு இன்னைக்குக் காலைலதான் விட்டீங்க. நேத்து வரைக்கும் டிரம் காய்ஞ்சு கிடந்துச்சு, தெருவே சொல்லும். ஆறு நாளா இது வளர்ந்தது உங்க மேல்நிலைத் தொட்டியில. அங்க எந்தக் குழாயை வெட்டுவீங்க?"

தணிகாசலம் நோட்டீசை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.

போன மாதம் குருசாமி ஓய்வு பெற்றார். அன்றைக்குத்தான் அவரிடம் கேட்டேன்: "எல்லாம் சரிண்ணே, அதுக்கப்புறம் அந்தத் தொட்டியைக் கழுவினாங்களா?" "யாரு கழுவினா?" என்று அவர் சிரித்தபோதுதான் நடந்ததை நம்பினேன்.