முப்பது தப்படியில் தண்ணீர்ப் பந்தல்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் கிறுக்குப் பிடித்தால் அதற்கு அரசாணை என்று பேர் வைத்திருந்த காலத்தில், ஒரு ராஜா இருந்தார். எதைச் சொன்னாலும் தப்படிக் கணக்கோடுதான் சொல்லுவார். பூனைக்குப் பால் அடுப்பிலிருந்து ஏழு தப்படியில் வைக்க வேண்டும். சபையில் பேச வருகிறவன் சிம்மாசனத்திலிருந்து பத்துத் தப்படியில் நிற்க வேண்டும். கொஞ்சம் தவறினாலும் மனுஷன் மூஞ்சி சிவந்துவிடும்.

அந்தக் கோடையில் அவருக்கு ஒரு நல்ல புத்தி வந்தது. வந்தது பாருங்கள், அதுவே அதிசயம்! "பெருவழியில், சுமைதாங்கிக் கல்லிலிருந்து முப்பது தப்படியில் தண்ணீர்ப் பந்தல் போடுக" என்று ஆணையிட்டார். பந்தலைப் பார்த்துக்கொள்ள, அரண்மனை விகடன் சோணாசலம் சொன்னபடி மூக்காயி என்ற பெண்ணை வைத்தார்கள். அவள் புருஷன் அந்த வழியிலுள்ள பொட்டலைக் கடக்கும்போது நா வறண்டு விழுந்து செத்தவன். ஆகவே அவள் கல்லுக்கு அந்தப் பக்கம், பொட்டலைப் பார்த்த பக்கம் முப்பது தப்படி எண்ணிப் பந்தலைப் போட்டாள்.

மந்திரி தண்டபாணியாருக்குச் சோணாசலத்தைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அரண்மனைப் பக்கமிருந்து பல்லக்கில் போனவர், கல்லுக்கு இந்தப் பக்கம் முப்பது தப்படியில் இறங்கினார். அங்கே பந்தலைக் காணோம். அறுபது தப்படி வெயிலில் நடந்து போய்த்தான் அவருக்குத் தண்ணீர் கிடைத்தது. குடித்த ஈரம் காய்வதற்குள் சபைக்கு ஓடி வந்தார்.

"பிரபோ! சோணாசலம் வைத்த பெண் தங்கள் ஆணையை மீறிவிட்டாள். இந்தப் பக்கம் போட வேண்டிய பந்தலை அந்தப் பக்கம் போட்டிருக்கிறாள்!"

ராஜாவுக்கு மூஞ்சி சிவந்தது. "யாம் சொன்னது ஒரு தூரம். அதற்கு இடமும் ஒன்றே. பந்தலைப் பிரித்தெறியுங்கள். அவள் இன்றே நாட்டைவிட்டுப் போகட்டும்!"

மூக்காயியைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாவம், அவளுக்குக் கண்ணீர்கூட வரவில்லை.

"அடியேன் ஒரு வார்த்தை பேசலாமா, மகாராஜா?" என்றான் சோணாசலம்.

"சிம்மாசனத்திலிருந்து பத்துத் தப்படியில் நின்று பேசு."

சோணாசலம் விறுவிறுவென்று சிம்மாசனத்தைத் தாண்டிப் போனான். பின்பக்கம் பத்துத் தப்படி எண்ணி நின்றுகொண்டான். ராஜா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம்.

"முன்னால் வாடா!"

"முன்னால் என்று தாங்கள் உத்தரவிடவில்லையே, மகாராஜா. பத்துத் தப்படி என்றீர்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு உதடு துடித்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. தண்டபாணியார் விடுவாரா?

"பிரபோ! இவனுக்குத்தான் எந்தத் தூரமும் கைவசம் ஆயிற்றே! தூரம் ஒன்றுமில்லை என்பதற்கும் மூன்று தப்படி குறைந்த தூரத்தில் நிற்கட்டும். நின்றால் அந்தப் பெண்ணுக்கு மன்னிப்பு. நிற்காவிட்டால் இவனும் அவளோடு நாட்டைவிட்டுப் போகட்டும்."

"பலே! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. கணக்கென்றால் அவருக்கு உயிராயிற்றே.

"வேண்டாம் சாமி, எனக்காக நீங்க ஏன் சீரழியணும்" என்று மூக்காயி முதல்தடவையாக வாய் திறந்தாள். சோணாசலத்துக்கு மனசு கனத்துப் போயிற்று. ஆனாலும் கைகூப்பினான்.

"எனக்கு அந்த இடம் தெரியாது. மந்திரியார் அளந்து காட்டட்டும். மறுபேச்சில்லாமல் நிற்கிறேன்."

தண்டபாணியார் முன்பக்கம் பத்துத் தப்படியில் நின்று, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஐந்து, நான்கு, மூன்று... ராஜாவின் முழங்காலில் முட்டிக்கொண்டு, "இதோ, தூரம் ஒன்றுமில்லை" என்றார். இன்னும் மூன்று குறைய வேண்டுமே! சிம்மாசனத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் மூன்று தப்படி போய், "இதோ!" என்றார்.

சோணாசலம் சாமரம் வீசுகிறவனைக் கேட்டான். "அண்ணே, மந்திரியார் சிம்மாசனத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்?"

"மூணு தப்படி."

மந்திரி திடுக்கிட்டு இன்னும் மூன்று தப்படி பின்னால் போனார்.

"இப்போ ஆறு" என்றான் அவன். சபையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"ஒன்றுமில்லாததற்கும் குறைந்த தூரம் எங்கும் கிடையாது, மகாராஜா. இல்லாத இடத்தில் அடியேன் எப்படி நிற்பேன்? ஒன்றுமில்லாத தூரத்துக்கு ஒரே இடம். அது தாங்கள் வீற்றிருக்கும் இடம். வேறெந்தத் தூரமானாலும் நேர்வழியில் இரண்டு இடம். மந்திரியாரே முன்னால் மூன்றிலும் நின்றார், பின்னால் மூன்றிலும் நின்றார். கல்லுக்கு முப்பது தப்படியும் அப்படித்தான். பக்கத்தைத் தாங்கள் சொல்லவில்லை. தாகம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து மூக்காயி போட்டாள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சோணாசலத்துக்குப் போட்டார். "மூக்காயிக்கு மன்னிப்பு. அவள் பந்தல் அங்கேயே இருக்கட்டும். இந்தப் பக்கம் முப்பதிலும் ஒரு பந்தல் போடுங்கள். கோடை முடியும்வரை அங்கே தண்டபாணியார் தம் கையால் தண்ணீர் ஊற்றட்டும்!"

சபையே சிரித்தது. மூக்காயி மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உத்தரவானா நான் போகலாமா, சாமி? உச்சி வெயில் ஏறிப்போச்சு. பானையெல்லாம் காலியாக் கிடக்கும். பொட்டல்ல யாராவது வந்துக்கிட்டிருப்பாங்க."

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. எழுந்து அவரே வாசலுக்கு வந்தார். "எமது தேரில் இந்த அம்மாளைக் கொண்டுபோய் விடுங்கள்!"

தேரோட்டி பழக்கதோஷத்தில் கேட்டான். "கல்லிலிருந்து எத்தனை தப்படியில் நிறுத்தட்டும், மகாராஜா?"

"எண்ணிக்கொண்டு நிற்காதேயடா, சீக்கிரம் ஓட்டு!" என்றார் ராஜா.