வாய்வார்த்தையில் கிடைத்த உதவித்தொகை

இதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சாத்தூர்ப் பக்கத்துக் குருவம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. கணவன் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இறந்தான். வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வராமல் போனதால் இழப்பீட்டு வழக்கு தள்ளுபடியானது. அன்றே அவள் தானே வக்கீலாவது என்று முடிவு செய்தாள். தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டிக்கொண்டே ஒன்பது ஆண்டுகளில் தபால்வழியில் பி.ஏ. முடித்து, சட்டம் படிக்க விண்ணப்பித்தாள்.

இரண்டு தனியார் கல்லூரிகள் இடம் கொடுத்தன. சேலத்துக் கல்லூரி முழுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருந்த இன்னொன்று முழுக் கட்டணமும் கேட்டது. சேலத்துக் கடிதத்தோடு அதன் முதல்வர் ஞானதுரையைப் பார்த்தாள்.

“ஐயா, அங்க முழுசாத் தர்றாங்க. ஆனா பக்கவாதத்துல கிடக்குற மாமியாரை விட்டுட்டுப் போக மனசில்ல. நீங்களும் தந்தா இங்கயே சேந்துடுவேன்.”

“எங்க அறக்கட்டளையில ஒரு முழு உதவித்தொகை இருக்கும்மா. அது உங்களுக்குத்தான். சேலத்துக்கு வரலைன்னு எழுதிடுங்க.”

“எழுத்துல தருவீங்களாய்யா?”

“நான் சொன்னா போதும்மா.”

அவள் எழுதிவிட்டாள்.

விண்ணப்பித்தவர்களில் மிக ஏழைக்கே அந்தத் தொகை என்பது அறக்கட்டளையின் விதி. கடைசி நாளில் மாடத்தியின் விண்ணப்பம் வந்தது. பெற்றோர் இல்லாமல் விடுதியில் வளர்ந்தவள், வயது இருபத்திரண்டு. முதல்வர் அவளுக்கே கொடுத்தார். “விதியை மீற முடியலம்மா” என்று குருவம்மாளிடம் சொன்னார். சேலத்தில் கேட்டபோது அந்த இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

விஷயம் தெரிந்து மாடத்தி வீடு தேடி வந்தாள்.

“அக்கா, பாதியை நீங்க எடுத்துக்கங்க.”

“பாதியில நீயும் படிக்க முடியாது, நானும் படிக்க முடியாது. நீ போய்ப் படிம்மா.”

அவளை அனுப்பிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் குருவம்மாள். உள்ளே மாமியார் தண்ணீர் கேட்டது அவள் காதில் விழவில்லை. திங்கட்கிழமை ஆலைக்குப் போனாள்.

சொல்லைக் கைவிட்டு விதியைக் காத்த முதல்வர், பாதியைத் தர வந்த மாடத்தி, அதை மறுத்த குருவம்மாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பெண்கள் இருவர் மீதும் குறையில்லை. மாடத்திக்குக் கொடுத்ததும் முறைதான். ஆனால் விண்ணப்பங்களைப் பார்க்கும் முன்பே, தனக்கு உரிமையில்லாத ஒன்றை “உங்களுக்குத்தான்” என்றாரே, முதல்வரின் தவறு அங்கே நடந்துவிட்டது. அதன் பிறகு அவர் எந்தப் பக்கம் போயிருந்தாலும் ஒருத்திக்கு அநியாயம்தான். அந்தத் தவறால் அவர் எதையும் இழக்கவில்லை. குருவம்மாள் அடுத்த ஆண்டு எங்கும் விண்ணப்பிக்கவில்லை.