ஒரு கீறலும் ஒடிந்த அச்சும்

மருங்கூர் மன்னர் கொற்றவேலர் நல்ல மனிதர்தான். ஆனால் யார் நீட்டி முழக்கிப் பேசினாலும் நம்பிவிடுவார். அப்படி நம்பித்தான் வித்தகநாதரை வண்டிக் காப்பு அதிகாரியாக்கினார்.

வண்டி வைத்திருப்பவர்கள் காப்புக்காக ஆண்டுதோறும் அரண்மனைக்கு இரண்டு மூட்டை நெல் அளப்பார்கள். வண்டி மோதி உடைந்தால் அதிகாரி வந்து பார்ப்பார். சரிசெய்தால் ஓடும் என்றால் 'செப்பம்' என்று முத்திரை குத்தி ஆணியும் கயிறும் தருவார். தேறவே தேறாது என்றால் 'விறகு' என்று முத்திரை. அந்த வண்டி அரண்மனை மடைப்பள்ளிக்கு விறகாகப் போகும்; வண்டிக்காரருக்குப் புது வண்டி கிடைக்கும்.

வித்தகநாதர் பதவிக்கு வந்த ஏழு வருடத்தில் ஊரார் வண்டி ஒன்றுக்குக்கூட 'விறகு' விழவில்லை. ஆற்றோடு போன வண்டிக்கும் செப்பம்தான்! சக்கரம் ஒன்று கரை ஒதுங்கியதாம், மீதியைச் சேர்த்துக்கொள்ளலாமாம். யாராவது மன்னரிடம் போய் அழுதால்? அதற்கும் ஒரு சட்டம் போட வைத்திருந்தார். முத்திரை விழுந்தபின் மன்னரே ஆனாலும் மாற்றக் கூடாது. பிறர் வயிற்றில் அடிக்க மட்டும் அந்த மூளை அபாரமாக வேலை செய்தது.

ஒருநாள் அவருடைய வில்வண்டி கண்மண் தெரியாமல் வந்து, உப்பு வியாபாரி பூவாத்தாளின் வண்டிமேல் மோதியது. உப்பு வண்டியின் அச்சு ஒடிந்தது. ஒரு சக்கரம் இரண்டாகப் பிளந்தது. வில்வண்டியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

அதிகாரி அங்கேயே முத்திரைப் பையை அவிழ்த்தார். உப்பு வண்டியில் 'செப்பம்' என்று குத்தினார். தம் வில்வண்டியில், கூசாமல், 'விறகு' என்று குத்தினார்.

"ஐயா, அச்சே ஒடிஞ்சு கிடக்குதுங்களே! இதுல எப்படிப் பாரம் ஏத்துவேன்?"

"இந்தா கயிறு. கட்டினா ஓடும்."

"மழைக்கு முன்னால மலைச்சந்தைக்குப் போகணுங்க. உப்பு கரைஞ்சா என் பொழப்பே கரைஞ்சிடும்."

"மழையை நானா வரச் சொன்னேன்? போ, போ."

பூவாத்தாள் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். மன்னர் கேட்டார். பெருமூச்சு விட்டார். "முத்திரையை மாற்ற எனக்கே உரிமை இல்லையே, அம்மா!"

சபையில் காளத்தி என்றொரு விகடன் இருந்தான். வித்தகநாதரைக் கண்டாலே அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மாற்ற வேண்டாம், மன்னா," என்றான். "அதிகாரி வைத்தது வைத்ததுதான். இரண்டு முத்திரையையும் இன்றைக்கே நிறைவேற்றச் சொல்லுங்கள், போதும்."

வித்தகநாதர் வாயெல்லாம் பல்லாக நின்றார். புது வண்டி வரப்போகிறதே! காளத்திக்கும் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

காவலர்கள் வில்வண்டியை மடைப்பள்ளி முற்றத்தில் தள்ளிவிட்டார்கள். காளத்தி பூவாத்தாள் காதில் ஏதோ சொன்னான். அவள் மூன்று மூட்டை உப்பைத் தன் மாடுகள்மேல் ஏற்றிக்கொண்டு மடைப்பள்ளிக்கு ஓடினாள். அந்த மடைப்பள்ளியில் ஒரு வழக்கம்: உப்பு கொண்டுவந்தால் காசு கிடையாது. மூன்று மூட்டை உப்புக்கு ஒரு பாரம் விறகு.

"விறகுதானே? அதோ கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ," என்றார் தலைமைச் சமையல்காரர்.

சற்று நேரத்தில் சபை வாசலில் மணிச்சத்தம். பூவாத்தாள் தன் மாடுகளையே பூட்டி, பட்டு மெத்தைமேல் மீதி உப்பு மூட்டைகளை அடுக்கி, வில்வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

வித்தகநாதர் துள்ளிக் குதித்தார். "ஐயோ, என் வண்டி!"

"வண்டியா? அது விறகு, ஐயா," என்றான் காளத்தி.

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? ஒரே ஒரு கீறல்தானேய்யா! இன்னும் இருபது வருஷம் ஓடும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். சபையே அவரைப் பார்த்தது.

"ஒரு கீறலுக்கா புது வண்டி கேட்டீர்?" என்றார் மன்னர்.

"மன்னா, தயவுசெய்து அந்த முத்திரையை மாற்றி..."

"மாற்றக் கூடாது என்று சட்டம் போட வைத்தவர் நீர்தானே?"

"அப்படியானால் புது வண்டி..."

காளத்தி குறுக்கிட்டான். "அது தேறாத வண்டிக்குத்தானே, மன்னா? இருபது வருஷம் ஓடும் என்று இவர் வாயாலேயே கேட்டோமே."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். முத்து மாலையைக் கழற்றிக் காளத்தி கழுத்தில் போட்டார். முத்திரைப் பையை வித்தகநாதரிடமிருந்து பிடுங்கச் சொன்னார்.

"நான் வீட்டுக்கு எதில் போவேன்?" என்று புலம்பினார் அந்த மகானுபாவர்.

பூவாத்தாள் மாடுகளை நிறுத்தினாள். இடுப்புக் கயிற்றை உருவி அவர் காலடியில் எறிந்தாள்.

"தெருமுனையில என் வண்டி கிடக்குது, எடுத்துக்குங்க ஐயா. கட்டினா ஓடும்."