மச்சான் பிடிச்ச கயிறு

ஒரு ஊர்ல, கடல் ஓரமா, முத்துக் குளிக்கிற சங்கையான்னு ஒருத்தன் இருந்தான். அந்த ஊர்ல ஒரு வழக்கம். முங்குறவன் இடுப்புல கட்டின கயித்தை, தோணியில நின்னு பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். ஏன்னு கேக்குறியா? தங்கச்சி தாலிமேல அவனுக்குத்தானே அக்கறை. கீழேருந்து மூணு தடவை சுண்டினா மேல இழுக்கணும். ரொம்ப நேரமாச்சுன்னா, சுண்டாட்டியும் இழுத்திருவான் சங்கையாவோட மச்சான் வேம்பன்.

அது சங்கையாவுக்குப் பிடிக்கல. ஆழத்துல என்னென்னமோ இருக்கு, பாக்க விடாம மாட்டைக் கட்டின மாதிரி கட்டி வெச்சிருக்கான்னு ஒரே புலம்பல். ஒருநாள் ஊர் நடுவுல வெச்சு, "நீ பயந்தாங்கொள்ளி, இனிமே என் கயித்தைத் தொடாதே"ன்னு சொல்லிட்டு, முத்தெடுக்க ஆள் தேடி வந்திருந்த ராஜாவோட கப்பல்ல போய் ஏறிட்டான். வேம்பனுக்கு முகம் செத்துப்போச்சு. ஆனா தங்கச்சி ஆராயி விடல. அவரு திட்டினா திட்டிட்டுப் போறாரு, நீ பின்னாடியே போண்ணேன்னு அனுப்பி வெச்சா. அவனும் ஒரு பானைத் தண்ணியோட கட்டுமரத்துல ஏறி, கப்பல் கண்ணுக்குத் தெரியிற தூரத்துலயே போனான்.

கோழிமுட்டை அளவு முத்து ஒண்ணு கொண்டா, அப்புறம் எந்தக் கடலுக்கு வேணா போ, கேக்க ஆளில்லைன்னான் ராஜா. கயித்தைத் தளபதி பிடிச்சான். சங்கையா முதல் தடவை முங்கினான், மூணு சுண்டு சுண்டினான், தளபதி வெத்தலையை மென்னு துப்பிட்டு மெதுவா இழுத்தான். ரெண்டாந்தடவை முங்கினான், மூணு சுண்டு, இன்னும் மெதுவா இழுத்தான். மூக்குல ரத்தமே வந்துருச்சு. மூணாந்தடவை முங்கி, அந்தப் பெரிய முத்தை எடுத்து, தனியாத் தொங்கின கூடையில போட்டு மேல அனுப்பிட்டுச் சுண்டினான். முத்து ராஜா கைக்கு வந்துச்சு. இந்த இடம் இன்னொருத்தனுக்குத் தெரியக்கூடாது, கயித்தை அறுன்னான் ராஜா. தளபதி அறுத்துட்டான். கப்பல் போயிருச்சு.

இதைத்தானே கேட்டான்? இப்ப அவனைக் கட்டி வெக்க யாருமே இல்ல. கையைக் காலை அடிச்சு ஒருவழியா மேல வந்தா, நாலு பக்கமும் தண்ணி. அழுதுட்டான். அப்பத்தான் கட்டுமரம் வந்துச்சு. வேம்பன் அவனைத் தூக்கிப் போட்டு, குடிக்கத் தண்ணி குடுத்தான், ஒரு வார்த்தை குத்திக் காட்டல. சங்கையாதான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஊர் நடுவுல திட்டினேன் மச்சான், ஊர் நடுவுலயே மன்னிப்புக் கேக்கிறேன்"ன்னான். சொன்னபடி கேக்கவும் செஞ்சான்.

ராஜாவுக்கு ஆசை அடங்கல, இன்னொரு முத்து வேணுமாம். கயித்தை அறுத்த சேதி பரவிட்டதால முங்குறதுக்கு ஒருத்தனும் வரல. சரி, நானே முங்குறேன்னான். கயித்தைத் தளபதிகிட்டக் குடுக்கலாமா? அறுத்த கையாச்சே அது! அப்பத்தான் அந்த வழக்கம் ஞாபகம் வந்து, ராணியோட கூடப்பிறந்தவனைக் கூட்டியான்னான். பெரிய புத்திசாலின்னு நெனப்பு. ராணியோட அந்தத் தம்பிகாரனை, அவன் நாட்டைப் பிடுங்கிக்கிட்டு, பன்னண்டு வருசமா சிறையில போட்டிருந்ததே இவன்தான். கயித்தை அவன் கையில குடுத்துட்டு முங்கினான். மூணு சுண்டு வந்துச்சு. மறுபடியும் மூணு வந்துச்சு. தளபதி பதறிப்போய் இழுங்க இழுங்கன்னான்.

"நானும் பன்னண்டு வருசமா உள்ளேருந்து கூப்பிட்டேன், யாரு வந்தீங்க?"ன்னு கேட்டுட்டு, அந்தத் தம்பி கயித்தைக் கடல்ல விட்டுட்டான். ராஜா செத்துட்டானான்னு கேக்காதே. மேல வரல, அவ்வளவுதான்.

சங்கையா அதுக்கப்புறம் ஏழு கடலையும் பாத்தான். எங்க முங்கினாலும் கயிறு மச்சான் கையில. சுண்டாம இழுத்தாலும் முணுமுணுக்காம மேல வருவான். நம்ம உசிருக்குப் பயப்படுற ஆளைப் போய்ப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லக்கூடாது, தெரிஞ்சுதா? கயித்தைச் சுருட்டியாச்சு, தோணியும் கரையேறியாச்சு, என் தலையணையைக் குடுத்துட்டுப் படு.